தணலில் வேகும் கோழி: தோல் கருகியும் உள்ளே வேகாமல் போவது ஏன்?

திறந்த வெளியில் விறகு மூட்டிக் கோழி சுடுபவர்கள் அடிக்கடி சந்திக்கும் ஏமாற்றம் ஒன்றுதான்: தோல் கருகிப் போயிருக்கும், தொடை எலும்பை ஒட்டிய சதையோ பச்சையாகவே இருக்கும். நெருப்பு அதிகமாகிவிட்டது என்றோ, கோழி பெரியது என்றோ இதற்குக் காரணம் சொல்லப்படுகிறது. இரண்டும் பாதி உண்மைகள். நெருப்பிலிருந்து இறைச்சியின் மேற்பரப்புக்கு வெப்பம் வந்துசேரும் வேகம் ஒன்று. அந்த மேற்பரப்பிலிருந்து நடுச்சதைக்கு அது ஊடுருவும் வேகம் வேறொன்று. முதல் வேகத்தைச் சமைப்பவர் விருப்பப்படி கூட்டலாம், குறைக்கலாம். இரண்டாவதை இறைச்சியின் இயல்பும் பருமனும் தீர்மானிக்கின்றன; எவ்வளவு விறகைப் போட்டாலும் அது பெரிதாக மாறாது. விறகைத் தேர்வதிலிருந்து கோழியை வெட்டும் முறை வரை, அனுபவசாலிகள் கைக்கொள்ளும் வழக்கங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வேகங்களையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகச் செய்வதற்காகவே உருவானவை.

இரண்டாவது வேகத்தை முதலில் பார்ப்பது நல்லது, ஏனெனில் அதை வைத்துத்தான் நெருப்பைத் திட்டமிட வேண்டியிருக்கிறது. கோழி இறைச்சியில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர்தான். அந்த நீர் புரத இழைகளுக்குள் பிடிபட்டிருப்பதால் சுழன்று ஓடி வெப்பத்தைச் சுமந்து செல்ல அதனால் முடிவதில்லை. வெப்பம் ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்கு மெல்லக் கடத்தப்பட்டே உள்ளே போகிறது. இத்தகைய கடத்தலில், நடுப்பகுதி வேகத் தேவைப்படும் நேரம் பருமனின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. இரண்டு சென்டிமீட்டர் பருமனுள்ள துண்டு பத்து நிமிடத்தில் வேகுமானால், அதே சூட்டில் நான்கு சென்டிமீட்டர் பருமனுள்ள துண்டுக்கு இருபது நிமிடம் போதாது. நாற்பது நிமிடம் தேவைப்படும். முழுக்கோழியின் முதுகெலும்பை வெட்டி எடுத்துவிட்டு, நெஞ்செலும்பை அழுத்தித் தட்டையாக விரித்து வைக்கும் முறை நேரத்தை இவ்வளவு குறைப்பதன் காரணம் இதுவே. தொடைச்சதையில் எலும்பு வரை இரண்டு மூன்று இடங்களில் ஆழமாகக் கீறிவிடுவதும் அதே நோக்கத்துக்குத்தான்: மசாலா உள்ளே இறங்கட்டும் என்று கீறுவதாகப் பலர் கருதினாலும், வெப்பம் கடக்க வேண்டிய தூரத்தைக் குறைப்பதே அந்தக் கீறலின் பெரிய பயன்.

இனி நெருப்பு. விறகு அடுப்பின் மேல் வைக்கப்பட்ட இறைச்சிக்கு வெப்பம் மூன்று வழிகளில் வருகிறது. மேலெழும் சூடான காற்றும் புகையும் ஒரு வழி. கம்பிவலை தொடும் இடங்களில் நேரடிக் கடத்தல் இன்னொரு வழி. ஆனால் நன்கு கனன்ற தணலின் மேல் சுடும்போது பெரும்பங்கு வெப்பம் கதிர்வீச்சாகவே, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாகவே வருகிறது. ஒரு பொருள் வெளிவிடும் கதிர்வீச்சு அதன் தனிவெப்பநிலையின் (அதாவது, மைனஸ் 273 டிகிரி செல்சியஸைச் சுழியாகக் கொண்டு அளக்கும் வெப்பநிலையின்) நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயரும் என்பது இயற்பியல் விதி. ஆகவே 600 டிகிரி செல்சியஸில் இருக்கும் தணலைக் காற்று விசிறி 800 டிகிரிக்குக் கொண்டுபோனால், அது வீசும் வெப்பம் மூன்றில் ஒரு பங்கு மட்டும் கூடுவதில்லை; இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. வெட்டவெளியில் திடீரென வீசும் ஒரு காற்று, அதுவரை சீராகப் போய்க்கொண்டிருந்த சமையலைச் சில நிமிடங்களில் கெடுத்துவிடுவது இதனால்தான். காற்று தணலுக்கு ஆக்சிஜனை ஊட்டுகிறது. மேலே படிந்து வெப்பத்தை மறைத்துக்கொண்டிருந்த சாம்பலையும் ஊதித் தள்ளிவிடுகிறது. மெல்லிய சாம்பல் போர்த்திய தணல் மெதுவாகவும் சீராகவும் வெப்பம் தருவதற்கு அந்தப் போர்வையே காரணம் என்பதால், அவசரப்பட்டுச் சாம்பலைத் தட்டிவிடுவது பெரும்பாலும் நன்மை தருவதில்லை.

சுடர் எரியும்போதே கோழியை வைக்கக் கூடாது என்று பழகியவர்கள் வற்புறுத்துவதன் பின்னணி, விறகு எரியும் விதத்தில் இருக்கிறது. விறகு நேரடியாக எரிவதில்லை. முதலில் அதிலுள்ள ஈரம் ஆவியாகிறது. பிறகு மரத்தின் கட்டுமானப் பொருள்களில், ஏறத்தாழ 200 டிகிரிக்கு மேல் ஹெமிசெல்லுலோஸும், அதையடுத்துச் செல்லுலோஸும், பரந்த வெப்பநிலை எல்லையில் லிக்னினும் சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களாக வெளியேறுகின்றன. நாம் சுடர் என்று காண்பது அந்த வாயுக்கள் காற்றோடு கலந்து எரிவதைத்தான். சுடரின் மஞ்சள் நிறம், முழுமையாக எரியாத நுண்கரித் துகள்கள் சூடேறி ஒளிர்வதால் வருவது. அந்தச் சுடர் குளிர்ந்த கோழித்தோலைத் தொட்டால் துகள்கள் அங்கேயே படிந்துவிடும். தோல் கறுத்திருப்பதைக் கண்டு வெந்துவிட்டது என்று எண்ணுபவர் உண்மையில் பார்ப்பது புகைக்கரியை. வாயுக்கள் தீர்ந்த பிறகு எஞ்சும் கரிதான் தணல். அதில் பெரிய மஞ்சள் சுடர் இராது. சில வேளைகளில் மேலே சின்ன நீலச்சுடர்கள் ஓடும், அவை கார்பன் மோனாக்சைடு எரிவதால் தோன்றுபவை.

உலர்ந்த விறகின் எடையில் முக்கால் பங்கோ அதற்கு மேலுமோ வாயுக்களாகவே போய்விடுகிறது. ஒரு பெரிய விறகுக் குவியல் எரிந்து முடிந்த பின் கையளவு தணலே மிஞ்சியதைக் கண்டு புதியவர்கள் திகைப்பது இதனால்தான். முழுக்கோழி வேக ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை ஒரே தணல் தாங்காது. சரியான வழி, சமையல் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு நெருப்பைத் தனியாக எரியவிட்டு, அங்கே உருவாகும் தணலை மண்வெட்டியாலோ நீண்ட இடுக்கியாலோ அவ்வப்போது கோழியின் கீழ்ப்பகுதிக்குத் தள்ளிக்கொடுப்பதாகும். கோழிக்கு நேர் கீழே புது விறகைச் செருகுவது, கனன்று அடங்கியிருக்கும் சமையலை மீண்டும் சுடருக்கும் அடர்ந்த புகைக்கும் திருப்பிவிடும். விறகு நெருப்பில் சுடும் கலையில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது, ஊறவைக்கும் கலவையையும் விடக் கூடுதலாகப் பேசப்பட வேண்டியது, இந்தப் பக்கநெருப்பைப் பராமரிக்கும் பழக்கம்தான்.

எந்த விறகு என்பதைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. அதைவிட அது எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதே பெரிய கேள்வி. வெட்டிய கையோடு உள்ள பச்சை விறகின் எடையில் ஏறத்தாழ பாதி நீராக இருக்கக்கூடும். கொதிநிலையை எட்டிய ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,257 கிலோஜூல் வெப்பம் வேண்டும். உறைநிலையிலிருந்து அதே நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படுவதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். அந்த வெப்பம் முழுவதும் விறகு எரிவதிலிருந்தே போவதால், ஈர விறகின் வெப்பநிலை உயர்வதில்லை, வாயுக்கள் முழுதாக எரிவதில்லை, கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகையே மிஞ்சுகிறது. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய விறகுதான் சுடுவதற்கு ஏற்றது. வெட்டுமுனைகளில் வெடிப்பு ஓடியிருப்பதும், பட்டை தானாகக் கழல்வதும், இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று ஒலிப்பதும் நன்றாகக் காய்ந்ததற்கான அடையாளங்கள்.

மர வகையில் கவனிக்க வேண்டியது அடர்த்தியும் பிசினும். அடர்த்தியான மரம் அதிகத் தணலை நீண்ட நேரம் தருகிறது. லேசான மரம் விரைவில் பற்றிக்கொண்டு விரைவில் சாம்பலாகிறது, எனவே அது தீ மூட்டவே உதவும். பைன் போன்ற ஊசியிலை மரங்களின் பிசின் கரிப்புகையையும் கசப்பையும் இறைச்சியில் ஏற்றுகிறது. வண்ணம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, பூச்சி அரிக்காமலிருக்க வேதிப்பொருள் ஏற்றிய மரம் ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் எரிக்கக் கூடாது. குரோமியம், தாமிரம், ஆர்சனிக் கலந்த பாதுகாப்புக் கரைசல் பல நாடுகளில் நெடுங்காலம் மரத்தில் ஏற்றப்பட்டு வந்தது. அத்தகைய பழைய மரத்தை எரித்தால் ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் சேரும். அரளி போன்ற நச்சுச் செடிகளின் குச்சியை விறகாகவோ இறைச்சியைக் குத்தும் கோலாகவோ பயன்படுத்தக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

விறகில் சுட்ட கோழிக்கு உரிய மணம், லிக்னின் சிதையும்போது உண்டாகும் குவயக்கோல், சிரிங்கோல் முதலிய சேர்மங்களிலிருந்து வருகிறது. இவை நன்கு எரியும் நெருப்பின் மெல்லிய, ஏறக்குறைய நிறமற்ற புகையிலேயே போதிய அளவு இருக்கின்றன. திணறி எரியும் நெருப்பின் அடர்ந்த புகை மணத்தைக் கூட்டுவதில்லை. தாரையும் கசப்பையும்தான் கூட்டுகிறது. புகையின் கூறுகள் குளிர்ந்த, ஈரமான பரப்பில் எளிதில் ஒட்டிக்கொள்வதால், கோழி புகைமணத்தை ஏற்கும் காலம் பெரும்பாலும் சமையலின் முற்பகுதியே. அதன் பிறகு புகையைக் கூட்ட முயல்வதில் பயன் குறைவு.

தணலைப் பரப்பும் விதத்துக்கு வருவோம். அடுப்பின் ஒரு பாதியில் தணலை அடர்த்தியாகவும் மறுபாதியில் மிகக் குறைவாகவும், அல்லது இல்லாமலும் வைத்துக்கொண்டால் சமைப்பவருக்கு இரண்டு வெப்ப நிலைகள் கிடைக்கின்றன. கோழியைப் பெரும்பாலான நேரம் குறைந்த பக்கத்தில் வேகவைத்து, உட்புறம் ஏறக்குறைய தயாரான பிறகு தோலை மட்டும் முறுகச் செய்வதற்காக அடர்ந்த பக்கத்துக்கு மாற்றுவது, முதலில் சொன்ன இரண்டு வேகங்களை இணைக்கும் மிக எளிய வழி. வெப்பத்தை அறிய உள்ளங்கையே போதும்: இறைச்சி இருக்கப்போகும் உயரத்தில் கையை நீட்டினால் இரண்டு மூன்று நொடிகளுக்குள் எடுக்க வேண்டி வந்தால் அது கடும் சூடு, நான்கு ஐந்து நொடி தாங்கினால் நடுத்தரம், ஆறு முதல் எட்டு நொடி தாங்கினால் மென்சூடு. முழுக்கோழிக்கும் எலும்புள்ள தொடைகளுக்கும் கடைசி அளவு, எலும்பில்லாத மெல்லிய துண்டுகளுக்கு நடுத்தரம் பொருந்தும். கம்பியில் கோத்துச் சுழற்றும் முறையில் தணலைக் கோழிக்கு நேர் கீழே குவிக்காமல் சற்று விலக்கிப் பக்கவாட்டில் வைப்பது சிறப்பு. வெப்பம் கதிராகப் பக்கத்திலிருந்து வரும், சொட்டும் கொழுப்போ தணலில் விழாது. சுழலும்போது ஒவ்வொரு பக்கமும் சிறிது நேரம் சூட்டை வாங்கிச் சிறிது நேரம் ஓய்கிறது. அந்த ஓய்வில் மேற்பரப்பின் வெப்பம் கருகாமல் உள்ளே இறங்குகிறது. கம்பிவலையில் சுடுபவர் துண்டுகளை அடிக்கடி திருப்பினால் ஏறக்குறைய இதே பயனைப் பெறலாம். ஒரே ஒருமுறைதான் திருப்ப வேண்டும் என்ற பரவலான அறிவுரைக்குக் கோழியைப் பொறுத்தவரை நல்ல காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

கோழியைத் தயார்செய்வதில் உப்புக்கு முதலிடம். சமைப்பதற்குச் சில மணி நேரம் முன்பே, முடிந்தால் முந்தைய இரவே, உப்பைத் தடவிக் குளிர்பெட்டியில் வைத்தால், அது முதலில் சதையின் நீரை வெளியே இழுத்து, அந்த நீரில் கரைந்து, பிறகு மெல்ல உள்ளே பரவுகிறது. உப்பு ஏறிய புரத இழைகள் வேகும்போது நீரை அவ்வளவாகப் பிழிந்து வெளியேற்றுவதில்லை. மூடாமல் வைத்தால் தோலும் உலர்கிறது, இது தணலில் மிகவும் உதவும். தோலில் ஈரம் இருக்கும்வரை அதன் வெப்பநிலை நீரின் கொதிநிலையைத் தாண்டாது; பொன்னிறத்தையும் சுட்ட மணத்தையும் தரும் மெயிலார்டு வினையோ ஏறத்தாழ 140 டிகிரியிலிருந்துதான் விரைவாக நடக்கிறது. எலுமிச்சை, தயிர் போன்ற புளிப்புப் பொருள்கள் மேற்பரப்பிலேயே பெரிதும் வேலை செய்கின்றன. அதிக நேரம் ஊறினால் அந்த மேற்பரப்பு மாவுபோலக் குழைந்துவிடும். சர்க்கரை, தேன், இனிப்புச் சாறு கலந்த பூச்சுகள் இறைச்சி வேகும் முன்பே கருகுவதால் அவற்றைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஒதுக்கிவைப்பது நல்லது. பச்சைக்கோழி ஊறிய கலவையைக் கொதிக்க வைக்காமல் வெந்த கோழியின் மேல் பூசக் கூடாது.

எவ்வளவு வேக வேண்டும் என்பதுதான் இந்தச் சமையலில் பிழைக்கு இடம் தரக்கூடாத பகுதி. பச்சைக் கோழியில் சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் ஆகிய பாக்டீரியாக்கள் இருப்பது மிகச் சாதாரணம். அமெரிக்க வேளாண்மைத் துறை, கோழியின் உட்புறம் 74 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும் என்கிறது. பிரிட்டனின் உணவுத் தர முகமையோ 70 டிகிரியில் இரண்டு நிமிடம் இருந்தால் போதும் என்கிறது. இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல. கிருமிகள் அழிவது வெப்பநிலையையும் நேரத்தையும் சேர்த்துப் பொறுத்தது: சற்றுக் குறைந்த வெப்பநிலையில் நிமிடங்கள் ஆகும் வேலை, 74 டிகிரியில் நொடிகளில் முடிந்துவிடுகிறது. ஏற்ற இறக்கம் மிகுந்த விறகு நெருப்பில், ஒரு வெப்பநிலையைக் குறிப்பிட்ட நேரம் நிலைநிறுத்துவது கடினம் என்பதால், 74 என்ற எண்ணையே நம்புவது பாதுகாப்பானது.

ஆனால் கோழியின் எல்லாப் பகுதிகளும் அந்த எண்ணில் ஒரேபோல் சுவைப்பதில்லை. நெஞ்சுக்கறியில் இணைப்புத் திசு குறைவு; 70 டிகிரியைத் தாண்டி உயர உயர அதன் இழைகள் இறுகிச் சாற்றை இழக்கின்றன. தொடையும் காலும் பறவை நடந்து உழைக்கும் தசைகள். அவற்றில் இணைப்புத் திசுவின் புரதமான கொலாஜன் மிகுதி. அது ஜெலட்டினாகக் கரைந்து சதை மென்மையாவதற்கு நேரமும் கூடுதல் சூடும் தேவை என்பதால், 80 டிகிரியை ஒட்டி வெந்த தொடை, 74 டிகிரியில் இறக்கிய தொடையைவிட நன்றாகவே இருக்கும். விரித்த கோழியைத் தணலில் வைக்கும்போது தொடைப்பகுதி சூடான பக்கத்தை நோக்கியும் நெஞ்சுப்பகுதி விலகியும் இருக்கும்படி வைத்தால், ஒரே கோழியில் இந்த வேறுபாட்டைப் பெருமளவு அடைந்துவிடலாம். துண்டுகளாகச் சுடுபவர்கள் தொடைகளை முன்னதாகவே வைத்துவிடலாம்.

சதையின் நிறத்தையும் வடியும் சாற்றையும் பார்த்து வெந்ததை முடிவு செய்வது பழைய வழக்கம், ஆனால் விறகு நெருப்பில் அது இருபுறமும் ஏமாற்றும். இளங்கோழிகளின் எலும்பு முழுதாக இறுகியிராததால், மஜ்ஜையிலுள்ள நிறமி கசிந்து, நன்கு வெந்த சதையையும் எலும்பருகே சிவக்கச் செய்யும். புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் சதைக்குச் சிவப்பு நிறம் தரும் புரதமான மயோகுளோபினோடு சேர்ந்து, தோலுக்கு அடியில் வெப்பத்தாலும் மாறாத இளஞ்சிவப்பை உண்டாக்கும். மறுபக்கம், பாதுகாப்பான வெப்பநிலையை எட்டும் முன்பே வெளுத்துவிடும் சதையும் உண்டு. ஆகவே குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்றை வைத்துக்கொள்வதற்கு மாற்றாக எதையும் சொல்ல முடியவில்லை. அதன் முனையைத் தொடையின் மிகப் பருமனான பகுதியிலும், பிறகு நெஞ்சின் நடுவிலும், எலும்பைத் தொடாமல் செருக வேண்டும். நெருப்பிலிருந்து எடுத்த பின்னும் மேற்பரப்பின் சூடு உள்ளே இறங்கிக்கொண்டிருப்பதால் வெப்பநிலை சில டிகிரி உயரும். பத்து நிமிடம் ஆறவிட்டு வெட்டினால் சாறும் குறைவாகவே வழியும்.

உடல்நலம் குறித்த கேள்வி இங்கே தவறாமல் எழுகிறது. கொழுப்பு தணலில் சொட்டும்போது எழும் புகையில், பென்சோபைரீன் உள்ளிட்ட பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்கள் உண்டாகி இறைச்சியில் படிகின்றன. பென்சோபைரீனை, உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. இது தவிர, தசையிலுள்ள கிரியேட்டினும் அமினோ அமிலங்களும் கடும் சூட்டில் வினைபுரிந்து ஹெட்டரோசைக்ளிக் அமின்களாகின்றன. இரண்டையும் குறைக்கும் வழிகள் ஏற்கெனவே சொன்ன நல்ல சமையலின் வழிகளே: சுடர் அடங்கிய தணல், பக்கவாட்டு வெப்பம், அடிக்கடி திருப்புதல், முன்கூட்டியே ஊறவைத்தல், கருகிய பகுதியை வெட்டி நீக்குதல். கொழுப்பு விழுந்து சுடர் எழுந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது; எரியும் கொழுப்பும் சாம்பலும் தெறிக்கும். கோழியைச் சற்று நேரம் மறுபக்கம் நகர்த்தினால் சுடர் தானே அடங்கும்.

வெளியிடத்தில் குழாயும் குளிர்பெட்டியும் அருகில் இராததால் சுத்தம் பற்றிய கவனம் கூடுதலாகத் தேவை. பச்சைக்கோழியைக் கழுவுவதால் கிருமிகள் போவதில்லை, தெறிக்கும் நீரோடு சுற்றிலும் பரவவே செய்கின்றன. நெருப்பு தயாராகும்வரை இறைச்சி பனிக்கட்டி வைத்த பெட்டியில் 5 டிகிரிக்கு உள்ளாகவே இருக்க வேண்டும். பச்சையைத் தொட்ட இடுக்கியும் தட்டும் வெந்ததைத் தொடக் கூடாது. மீந்த கோழியை இரண்டு மணி நேரத்துக்குள், வெயில் 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் குளிரவைக்க வேண்டும்.

அடுப்புக்கு ஆற்றங்கரைக் கற்களை எடுப்பது ஆபத்தானது: அவற்றின் நுண்துளைகளில் தங்கிய நீர் ஆவியாகி விரியும்போது கல் வெடித்துச் சிதறும். காய்ந்த புல்லும் தாழ்ந்த கிளைகளும் இல்லாத இடத்தில், மண் தெரியும்வரை தரையைச் செதுக்கிவிட்டுத்தான் நெருப்பு மூட்ட வேண்டும். சுடர் இல்லாத தணலும் கார்பன் மோனாக்சைடை வெளியிட்டுக்கொண்டே இருப்பதால், குளிருக்காக அதைக் கூடாரத்துக்குள் கொண்டுபோவது உயிரைப் பறிக்கும். சாம்பலுக்கு அடியில் தணல் மறுநாள்வரை கனன்றிருந்து காற்றில் மீண்டும் பற்றக்கூடும் என்பதால், மண்ணைப் போட்டு மூடுவது மட்டும் போதாது. தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, குச்சியால் கிளறி, அடியிலிருந்த துண்டுகளைப் புரட்டி, மீண்டும் ஊற்றி, புறங்கையை அருகே கொண்டுபோனால் சூடே தெரியாத நிலை வந்த பிறகுதான் இடத்தைவிட்டுக் கிளம்ப வேண்டும்.